தொண்ணூறு மார்க்

பிரிண்டரின் வாய்க்குள் கையை விட்டு அவள் காகிதத்தைப் பிடித்து இழுத்தாள். பாதி கிழிந்து கையோடு வந்தது. மீதி உள்ளே சுருண்டு மாட்டிக்கொள்ள, மெஷின் ‘கிர்ர்’ என்று கத்த ஆரம்பித்தது. பிளக்கைப் பிடுங்கலாம் என்று குனிந்தாள். ஏழு மாத வயிறு குனிய விடவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு காலால் ஒரு எத்து எத்தினாள். பிளக் கழன்று விழுந்தது.

“ஏம்மா, அது உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?” என்றார் எதிர் மேஜை டைம்கீப்பர்.

“மேனேஜர் ரூமுக்கு எத்தனை பக்கம் போச்சு, அண்ணே?”

“மூணு. மிச்சம் பின்னாடியே வருதுன்னு சொல்லி நீதானே குடுத்தனுப்புன.”

“அந்த மூணையும் வாங்கிட்டு வந்துடுங்க. அவர் பையில வெக்கிறதுக்குள்ள. ஓடுங்க அண்ணே.”

“ஓடுற வயசா எனக்கு? விஷயத்தைச் சொல்லு.”

“தலைகீழாப் போட்டுட்டேன். காது போனவங்களை எல்லாம் நல்ல காதுன்னு போட்டிருக்கேன். நல்லா இருக்கிறவங்களை எல்லாம் காது போச்சுன்னு போட்டிருக்கேன்.”

டைம்கீப்பர் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு, மேஜைக்கு அடியில் கழற்றிப் போட்டிருந்த செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

அது ஒரு நெசவு மில். சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்கூடம். இருநூறு தறிகள் ஒரே நேரத்தில் அடித்துக்கொள்ளும் சத்தம் அலுவலக மேஜையில் வைத்த டீயில் எந்நேரமும் வட்டம் போட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்குள் எட்டு மணி நேரம் நிற்கிறவர்களின் காது என்ன ஆகிறது என்று எவரோ ஒரு அதிகாரி கேள்வி கேட்டுவிட்டார். காது கெட்டவர்களை உடனே தறிக்கூடத்திலிருந்து எடுத்து, துணி மடிக்கிற இடத்துக்கோ கிடங்குக்கோ மாற்ற வேண்டும். இப்போதே மாற்றினால் மிச்சமிருக்கும் காதாவது தங்கும். அங்கேயே நின்றால் அதுவும் போகும். யார் யாரை மாற்றுவது என்ற பட்டியல் இன்று ஐந்து மணி பஸ்ஸில் மேனேஜரோடு தலைமை அலுவலகத்துக்குப் போகிறது.

பட்டியல் போடுவதற்காகப் போன மாதம் மருத்துவ முகாம் வேன் வந்தது. பாதிப் பேரைச் சோதித்து முடிப்பதற்குள் பேய் மழை. வேனுக்குள் தண்ணீர் ஏறி, காது பார்க்கும் கருவி கெட்டுப்போய், வேன் வந்த வழியே திரும்பிவிட்டது. மேனேஜர் அசரவில்லை. “மிச்சப் பேருக்கு ரெண்டு வருஷத்துக்கு முந்தின முகாம் கணக்கு இருக்குல்ல? ரெண்டையும் சேர்த்து ஒண்ணாக் குடும்மா” என்றார்.

சேர்த்துக் கொடு. சொல்வதற்கு என்ன, வாய்க்கு வலிக்கவா போகிறது?

புது முகாமின் அட்டவணையில் முதலில் டோக்கன் நம்பர், பிறகு பெயர், வலது காது, இடது காது. முடிவு வார்த்தையில் இருக்கும். நல்லது, சுமார், மோசம். பழைய முகாமின் அட்டவணையில் டோக்கன் நம்பரே கிடையாது. பெயர், அப்பா பெயர், இடது காது முதலில், வலது காது பிறகு. முடிவு எண்ணில். மில்லின் சொந்த அட்டவணையோ மூன்றாவது தினுசு. மூன்றும் மூன்று வீட்டுப் பாத்திரங்கள். ஒன்றின் மூடி இன்னொன்றுக்குச் சேராது.

அவள் சேர்த்தாள். இடத்தையும் வலத்தையும் கவனமாக மாற்றிப் போட்டாள். ஒரே பெயரில் நான்கு பேர் வந்தபோது அப்பா பெயரை வைத்துப் பிரித்தாள். அப்பா பெயரும் ஒன்றாக இருந்த இரண்டு பேரைத் தேடித் தறிக்கூடத்துக்கே போய், ‘உங்கள்ல யாரு மீசை வெச்சிக்கிட்டு முகாமுக்குப் போனது?’ என்று கேட்டு, அவர்கள் சிரித்த சிரிப்பையும் வாங்கிக்கொண்டு வந்தாள். சந்தேகமில்லாத வரிக்கு மஞ்சள், சந்தேகத்துக்கு ரோஜா நிறம். கடைசி ரோஜா வரி மஞ்சளானதும் தனக்குத்தானே ஒரு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டாள்.

சறுக்கியது அங்கே எல்லாம் இல்லை. எண்ணை வார்த்தையாக மாற்றிய இடத்தில்.

இந்த மில்லில் எண் என்றால் கூடக்கூட நல்லது. தறி எத்தனை சதவீதம் ஓடியது என்று ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் பலகையில் எழுதுவார்கள். தொண்ணூறு வந்தால் கைதட்டல், நாற்பது வந்தால் மெமோ. பன்னிரண்டு வருஷமாக அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள் காதுக் கணக்கில் மட்டும் வேறு மாதிரியா நினைப்பாள்? எழுபதுக்கு மேல் நல்லது, நாற்பதுக்குக் கீழ் மோசம், நடுவில் சுமார் என்று கண்ணை மூடிக்கொண்டு சூத்திரம் போட்டாள். அத்தனை கட்டமும் ஒரு நொடியில் நிரம்பியது.

பிரிண்டரை ஓடவிட்டுச் சும்மா இருக்க முடியாமல், இரண்டு முகாமிலும் சோதனைக்கு வந்திருந்தவர்களை மட்டும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அப்போது நல்லது, இப்போது மோசம். சரி, தறிக்கூடம் சாப்பிட்டிருக்கும். இன்னொருவர், அப்போது மோசம், இப்போது நல்லது. அடுத்தவரும் அப்படித்தான். அதற்கடுத்தவரும். தறிகளுக்கு நடுவில் நின்றுகொண்டே எவருக்காவது காது குணமாகுமா?

முகாம் நர்ஸுக்குப் போன் போட்டாள்.

“ஐயோ அக்கா, அது மார்க் இல்ல,” என்று நர்ஸ் சிரித்துவிட்டாள். “சத்தத்தை எது வரைக்கும் கூட்டினா அவங்களுக்குக் கேக்குதுங்கிற அளவு. பதினஞ்சுலயே கேட்டுச்சுன்னா நல்ல காது. எழுபது, எண்பதுன்னு போனா மோசம்.”

“தொண்ணூறுன்னா?”

“தொண்ணூறா? பக்கத்துல நின்னு கத்தினாலும் எங்கேயோ ஏதோ நடக்குதுங்கிற மாதிரிதான் இருக்கும். ஏன்க்கா, அப்படி யாராவது இருக்காங்களா?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல்தான் அவள் பிரிண்டரின் வாயில் கையை விட்டது.

டைம்கீப்பர் மூன்று பக்கத்தோடு மூச்சிரைக்க வந்தார். “அஞ்சு மணிக்குள்ள சரியானதைக் குடுத்துடணுமாம். ‘சரியாத்தான் இருக்கும்னு நம்பித்தானே வாங்கினேன்’னு அவர் என்னைப் பார்த்துக் கேக்கறார். நான் என்ன பண்ணுனேன்?”

அவள் சூத்திரத்தைத் திருப்பிப் போட்டாள். பழைய முகாம் வரிகளில் நல்லது எல்லாம் மோசமாயிற்று, மோசம் எல்லாம் நல்லதாயிற்று. மோசமானவர்கள் மேலே வரும்படி கம்ப்யூட்டரை அடுக்கச் சொன்னாள். மொத்தப் பட்டியலும் ஒருமுறை கலைந்து அடங்கியது.

முதல் வரியில் அவள் கணவர் இருந்தார். இடது தொண்ணூறு. வலது தொண்ணூறு.

“என்னம்மா, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு?” டைம்கீப்பர் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, “இது தப்பா இருக்கும். வேற யாரோடதாவது மாறி வந்திருக்கும். நம்ம காதா? சான்ஸே இல்ல” என்றார்.

‘காது’ என்பதுதான் அவள் கணவருக்கு மில்லில் பெயர். தறி மெக்கானிக். ஒரு தறி மக்கர் செய்தால் மற்ற மெக்கானிக்குகள் ஸ்பேனரை எடுப்பார்கள். இவர் தறியின் இரும்புச் சட்டத்தில் கன்னத்தை ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு எந்தப் போல்ட், எந்தப் பல்சக்கரம் என்று சொல்வார். அத்தனை இரைச்சலில் ஒரே ஒரு போல்டின் சத்தத்தைப் பிரித்துக் கேட்கிறாரே என்று வைத்த பெயர். கேட்டுத்தான் சொல்கிறார் என்று யார் சொன்னது? இரும்பு நடுங்குவதைத் தாடை எலும்பால் தடவிப் பார்த்துச் சொன்னாலும் இதே மாதிரிதானே தெரியும் என்று அவளுக்கு இப்போது தோன்றியது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் முகாமிலிருந்து சீட்டோடு வந்து நின்றார். “தொண்ணூறு போட்டிருக்காங்க” என்றார். “தொண்ணூறா? தறிக்கூடத்துலயே நீங்கதான் ஃபர்ஸ்ட்டா?” என்று அவள் ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவர் சிரித்தார்.

எப்போதும் அவள் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். அலுவலகத்துப் பெண்கள் பெருமூச்சு விடுவார்கள். “பொண்டாட்டி பேசும்போது பேப்பர்ல இருந்து தலையைத் தூக்குற ஆம்பளையை நாங்க எங்க போய்த் தேடுறது?” என்பார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. தறிக்கூடத்து ஆட்கள் எல்லாருமே உதட்டைப் பார்த்துப் பேசிப் பழகினவர்கள். அந்த இரைச்சலில் வேறு வழி கிடையாது. வீட்டுக்கு வந்தும் சிலருக்கு அந்தப் பழக்கம் போகாது. இவருக்கும் அதுதான் என்று நினைத்திருந்தாள்.

இரண்டு மணிச் சங்கு ஊதியது. முதல் ஷிஃப்ட் முடிந்தது. அவள் எழுந்தாள்.

“சாப்பிட்டு வந்துடறேன், அண்ணே. அதுக்குள்ள யாரும் இதைத் தொட வேணாம்.”

“போயிட்டு வா. நடந்து போ, ஓடாத,” என்றார் டைம்கீப்பர்.

மில் குடியிருப்பு வரிசை வீடுகள். நடுவில் ஒரே சுவர். இந்த வீட்டில் தாளித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. வாசலில் காயப்போட்ட துணியெல்லாம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவர் ஏற்கெனவே வந்து கை கழுவி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே அவளுடைய தங்கை, முட்டையை உரித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள். பிரசவத்துக்குத் துணையாக வந்து ஒரு வாரம் ஆகிறது.

“சோறு இன்னும் வேணுமா, தூங்குமூஞ்சி மாமா? சாப்பிட்டதும் படுக்கணும்ல?”

அவர் அவள் வாயைப் பார்த்தார். “போதும்மா,” என்றார். கோபமே கிடையாது.

தங்கை வந்த நாளிலிருந்து அவருக்கு அதுதான் பெயர். அவள் மீதும் தப்பில்லை. அக்காவின் முதல் குழந்தை இந்த வீட்டில்தான் போனது. ஐந்து மாதப் பையன். லேசான காய்ச்சல். மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, பகலில் வீட்டிலிருக்கும் அவன் அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு அக்கா வேலைக்குப் போனாள். காய்ச்சல் ஏறியிருக்கிறது. அழுதிருக்கிறான். அழுது அழுது வலிப்பு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா சுவரைக் காட்டிக் காட்டிச் சொன்னாள்: “எவ்வளவு நேரம் அழுதான் தெரியுமா? அப்பாதான் கூட இருக்காரே, தூக்குவாருன்னு நெனச்சேன். அப்புறம் சத்தம் நின்னு போச்சு. தூக்கிட்டாருன்னு நெனச்சேன்.”

நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்தவர் அசந்து தூங்கிவிட்டார். எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். அவரும் அப்படித்தான் சொன்னார். அவள் கத்தவில்லை, அடிக்கவில்லை, பிறந்த வீட்டுக்குப் போகவும் இல்லை. அதன் பிறகு அவர் தூங்கும்போது மட்டும் அந்த அறைக்குள் போகமாட்டாள். கூப்பிட்டு அவர் திரும்பாவிட்டால், செய்த தப்பு உறுத்துகிறது போலும் என்று நினைத்துக்கொள்வாள். இந்தக் குழந்தையை அவர் கையில் தனியாக விடுவதில்லை என்று அக்காவும் தங்கையும் பேசி முடித்தாயிற்று. அவர் முன்னாலேயேதான் பேசினார்கள். அவரும் தலையாட்டினார்.

இப்போது அவள் அவர் முதுகுக்குப் பின்னால், கதவருகே நின்றாள்.

“என்னங்க,” என்றாள்.

அவர் சோற்றைப் பிசைந்தார்.

“என்னங்க, உங்களைத்தான்.”

தங்கை நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். அந்தக் கணமே அவர் திரும்பினார். தங்கையின் கண் போன திசையைப் பார்த்துத் திரும்பினார். முகத்தில் சிரிப்பைத் தயாராக வைத்திருந்தார்.

“வந்துட்டியா? வா, சாப்பிடு.”

இத்தனை நாளும் இப்படித்தான் ஓட்டியிருக்கிறார்.

“கடைக்குப் போய் டீத்தூள் வாங்கிட்டு வா,” என்றாள் தங்கையிடம்.

“நேத்துதானே வாங்குனோம்?”

“இன்னொண்ணு வாங்கிட்டு வா. போ.”

தங்கை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனாள். அவள் சென்று அவருக்கு எதிரே, தங்கை உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தாள். வாயை நன்றாகத் திறந்து, மெதுவாகச் சொன்னாள். முதல் முறையாகத் தெரிந்தே அப்படிப் பேசினாள்.

“தொண்ணூறுங்கிறது மார்க் இல்லையாம்.”

அவர் கை தட்டிலேயே நின்றது.

“உங்களுக்குத் தெரியும்,” என்றாள்.

“ம்.”

“எப்ப தெரியும்?”

“அன்னைக்கே. அந்த டாக்டர் எழுதிக் காட்டிட்டார். தறிக்கூடத்தை விட்டுடுன்னு சொன்னார்.”

“ஏன் சொல்லல?”

“சொல்லலாம்னுதான் சீட்டைக் கொண்டுவந்து காட்டுனேன். நீ பையனைத் தூக்கிக்கிட்டு வந்து ‘அப்பா ஃபர்ஸ்ட்டு’ன்னு அவன்கிட்ட சொன்ன. அவன் சிரிச்சான். அப்புறம் எப்படிச் சொல்றது?”

அந்தப் பழைய முகாம் வந்தபோது பையனுக்கு மூன்று மாதம். அவள் மனசு ஒரு படி இறங்கிப் பார்த்துவிட்டு உடனே மேலே ஏறிக்கொண்டது. பட்டியலைப் பற்றியே பேசினாள். அதுதான் பிடித்துக்கொள்ளத் தோதாக இருந்தது.

“அஞ்சு மணிக்குப் பட்டியல் போகுது. எல்லாத்தையும் திருப்பிட்டேன். முதல் வரி நீங்கதான். நாளையில இருந்து உங்களுக்குக் கிடங்குல வேலை.”

அவர் அவளுடைய உதடு நிற்கும்வரை பார்த்தார். பிறகு தட்டைத் தள்ளி வைத்தார்.

“என் வரியை மட்டும் பழையபடி ‘நல்லது’ன்னு போட்டுடேன்.”

“என்ன பேசறீங்க? மிச்சம் மீதி கேக்குறதும் போயிடும்ங்க.”

“போனா போகுது. இனிமே என்ன பாக்கி இருக்கு?”

“மெக்கானிக் பேரு போயிடும்னு பயமா? காதுன்னு கூப்பிட்டவங்க சிரிப்பாங்கன்னா? சிரிச்சுட்டுப் போறாங்க. நான் பார்த்துக்கறேன் அவங்களை.”

“அதில்ல.”

“பின்ன எது?”

பக்கத்து வீட்டில் யாரோ அம்மியில் எதையோ நசுக்கினார்கள். சுவரிலிருந்த சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது. அவர் சுவரில் கையை வைத்து, “ஏதோ இடிக்கிறாங்க” என்றார். சும்மா சொல்வதுபோலச் சொன்னார்.

“பேச்சை மாத்தாதீங்க. ஒரு வரியை மட்டும் நான் கையால மாத்தணும்னா எனக்குக் காரணம் தெரியணும். மத்த அத்தனை பேரையும் காப்பாத்திட்டு உங்களை மட்டும் அந்த இரைச்சல்ல விட்டுட்டு வரச் சொல்றீங்க. என்ன காரணம்?”

“பட்டியலை நோட்டீஸ் போர்டுல ஒட்டுவாங்க.”

“ஒட்டட்டும்.”

“ரெண்டு வருஷத்துக்கு முந்தின கணக்குன்னு தேதியோட ஒட்டுவாங்க. பக்கத்து வீட்டம்மா பார்ப்பாங்க. உன் தங்கச்சி பார்ப்பா. அப்பவே இவனுக்குக் காது இல்லையான்னு கேப்பாங்க.” அவர் குரல் எப்போதும்போல ஏற்ற இறக்கம் இல்லாமல் வந்தது. அந்தக் குரல் ஏன் அப்படி என்றும் அவளுக்கு இப்போது தெரிந்தது. “நீயும் கேப்ப.”

அவள் மனசு மறுபடி அந்தப் படியில் வந்து நின்றது. இந்த முறை ஏறித் தப்ப முடியவில்லை.

“நீங்க தூங்கிட்டீங்க,” என்றாள். “நைட் ஷிஃப்ட் பார்த்துட்டு வந்து அசந்துட்டீங்க. அதுக்கும் காதுக்கும் என்ன இருக்கு? தூங்குறவனுக்குக் காது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தால் அவள் உதடு தெரியாது. அவள் கை நீட்டி அவருடைய மோவாயைத் தூக்கினாள். இரண்டு வருஷத்தில் அவளாக அவரைத் தொட்ட நேரங்கள் குறைவு.

“தூங்கிட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“நான் சொல்லல. அந்தம்மா ஓடி வந்து ‘தூங்கிட்டீங்களா’ன்னு கேட்டாங்க. வாயைப் பார்த்தேன், புரிஞ்சுது. தலையை ஆட்டிட்டேன். அதைவிட நல்ல பதில் என்கிட்ட இல்ல.”

“அப்ப நீங்க...”

“முழிச்சுத்தான் இருந்தேன். உன் செருப்பு அறுந்திருந்துச்சு. வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்து தச்சுக்கிட்டிருந்தேன். தொட்டில் என் முதுகுக்குப் பின்னாடிதான். கை நீட்டுனா தொட்டுடலாம்.”

அவள் மோவாயைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

“தொட்டில் வேகமா ஆடி ஆடி என் முதுகுல வந்து இடிச்சுது,” என்றார் அவர். “காலை உதைச்சு விளையாடுறான்னு நெனச்சேன்.”